வானிலை ரேடாரில் பறவை வலசை: ஆய்வு நிதி கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் வானிலை ரேடார் தரவு இலவசம். சுமார் 160 நிலையங்கள் கொண்ட நெக்ஸ்ராட் வலையமைப்பின் பதிவுகள் 1990களின் தொடக்கத்திலிருந்து சேர்ந்துகிடக்கின்றன. அமேசான் மேகச் சேமிப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க நிதி எதற்கு என்பதுதான் மதிப்பீட்டாளர் மனதில் எழும் முதல் கேள்வி. திரையில் தெரிவது பறவைதான், மழையோ பூச்சியோ வௌவாலோ இல்லை என்று நிரூபிக்கும் உழைப்புக்கே நிதி என்பது அதற்கான பதில். விண்ணப்பத்தின் ஒவ்வொரு பகுதியும் இந்தப் பதிலோடு ஒட்டி நிற்க வேண்டும்.

புதியவர்கள் பெரும்பாலும் நிதி அறிவிப்பைப் பார்த்த பிறகுதான் கேள்வியைத் தேடுகிறார்கள். வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும்: கேள்வி, சிறு அளவில் செய்துபார்க்கும் முன்னோட்டக் கணக்கு, ரேடார் காட்டுவதை வேறு வழியில் உறுதிசெய்யும் தரைச் சான்று, ஆட்கள், அதன் பிறகு அறிவிப்பு. கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் குறைந்தது 4 மாதம் வேண்டும். அதில் 2 மாதம் முன்னோட்டக் கணக்குக்கே போய்விடும்.

கீழே உள்ளவை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனதில் வைத்து எழுதியவை. தமிழ்நாட்டிலிருந்து முயல்பவர்களுக்குக் கடைசிப் பகுதி.

1. ரேடாரால் பதில் சொல்ல முடிகிற கேள்வியை எடுங்கள்

எத்தனை பறவைகள், எந்த உயரத்தில், எந்தத் திசையில், என்ன வேகத்தில், எத்தனை மணிக்கு: இவற்றை ரேடார் சொல்லும். இனத்தைச் சொல்லாது. "இந்தக் கதிர்க்குருவி இனம் குறைகிறதா?" என்று கேட்டு ரேடாரை மட்டும் காட்டும் விண்ணப்பம் முதல் வாசிப்பிலேயே விழுந்துவிடும்.

நல்ல கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு, நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றப்படும் ஒளிக்கற்றைகளைப் பற்றிய ஆய்வு. 2017-இல் வெளியான அந்த ஆய்வு, 2008 முதல் 2016 வரையிலான 7 இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிட்டது. விளக்கு எரிந்த நேரத்தையும் அணைத்த நேரத்தையும் ஒப்பிட்டதில்தான் அதன் வலு இருக்கிறது. ரேடாரும் இடமும் இரவும் ஒன்றே என்பதால், ஒரு பறவையின் எதிரொலி இவ்வளவு என்று எடுத்துக்கொள்வதில் வரும் பிழை இரு பக்கமும் சமமாக விழுகிறது, ஒப்பீடு கெடுவதில்லை. உங்கள் கேள்வியையும் இப்படி ஒப்பீடாக மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, நீங்கள் கேட்கும் உயரத்தை ரேடார் பார்க்கிறதா என்று கணக்கிடுங்கள். மிகத் தாழ்ந்த கற்றை வழக்கமாக 0.5 பாகைச் சாய்வில் செல்கிறது. பூமி வளைவதால் தூரம் போகப் போகக் கற்றை மேலே ஏறுகிறது. 50 கி.மீ. தூரத்தில் அதன் மையம் ஆன்டெனாவிலிருந்து சுமார் 580 மீட்டர் உயரத்தில் இருக்கும். 100 கி.மீ.யில் 1,460 மீட்டர், 150 கி.மீ.யில் 2,600 மீட்டர். இரவு வலசையில் பெரும்பகுதி 1,000 மீட்டருக்குக் கீழேயே நடப்பதால், 120 கி.மீ. தள்ளியிருக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் ரேடார் பறவைகளின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நிலையத்துக்கும் ஆய்விடத்துக்கும் உள்ள தூரத்தை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

2. ஒரு நிலையம், ஒரு பருவம்: முன்னோட்டக் கணக்கு

இந்தக் கணக்கு இல்லாமல் அனுப்ப வேண்டாம். கருவிகள் இலவசமாகக் கிடைக்கும் துறை இது. அப்படியிருந்தும் ஒரு வரைபடம்கூட இல்லை என்றால் தயாரிப்பு போதவில்லை என்றே மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்வார்.

மெக்சிகோ வளைகுடாவைக் கடந்துவரும் வசந்த கால வலசை வழியில் இருக்கும் ஹூஸ்டன்–கால்வெஸ்டன் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குறியீடு கே-எச்-ஜி-எக்ஸ். மார்ச் 1 முதல் மே 31 வரை 92 இரவுகள். இரவுக்கு 10 மணி நேரம், அரை மணிக்கு ஒரு கோப்பு என்றால் 1,840 கோப்புகள். ஒரு கோப்பு 10 எம்.பி. என்று வைத்தால் 18 ஜி.பி. மடிக்கணினியே தாங்கும்.

கோப்புப் பெயரில் நிலையக் குறியீடும் தேதியும் நேரமும் இருக்கும், நேரம் யு.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஹூஸ்டனில் ஏப்ரல் 25 இரவு 8 மணி என்பது யு.டி.சி.யில் ஏப்ரல் 26 அதிகாலை 1 மணி. அந்த இரவு முழுவதும் 26-ஆம் தேதிக் கோப்புகளில்தான் கிடக்கும். இதைக் கவனிக்காமல் 25-ஆம் தேதிக் கோப்புகளை எடுத்தவர்கள், முந்தைய இரவின் பறவைகளை அடுத்த நாள் காற்றோடு பொருத்தி வரைபடம் போட்டிருப்பார்கள். தேதியை வைத்து எடுக்காமல், உள்ளூர்ச் சூரிய மறைவு முதல் உதயம் வரை என்று எடுங்கள்.

கோப்புகளைப் படிக்க ஆர் நிரல்மொழியில் உள்ள பயோராட் தொகுப்பு போதும். ஒவ்வொரு கோப்பிலிருந்தும் உயரவாரியான அடுக்குகளாகப் பறவை அடர்த்தியை அது எடுத்துத் தரும். முன்னிருப்பு அமைப்பில் 5 முதல் 35 கி.மீ. தூரத்துக்குள் உள்ளதை மட்டும் எடுத்து, 200 மீட்டர் தடிமனில் 20 அடுக்குகளாகப் பிரிக்கும். 5 கி.மீ.க்குள் தரைப் பொருட்களின் எதிரொலி அதிகம். 35-க்கு அப்பால் கற்றை அகன்றுவிடுவதால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்கும். காரணத்தோடு மாற்றினால் தவறில்லை. காரணம் எழுதாமல் 100 கி.மீ. என்று நீட்டுவதுதான் தவறு.

எண்ணிக்கைக்கு மாற்றும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரேடார் தரும் டிபிஇசட் என்ற மடக்கை அலகு மழைத்துளிக்காக உருவானது. பறவைக்கு அதை ஒரு கன கி.மீ.க்கு எத்தனை சதுர செ.மீ. எதிரொலிப்புப் பரப்பு என்று மாற்ற வேண்டும், அந்த மாற்றம் அலைநீளத்தைப் பொறுத்தது. 10.7 செ.மீ. அலைநீளமுள்ள எஸ்-பேண்டில் டிபிஇசட்டோடு 13.4 கூட்ட வேண்டும்; 5.3 செ.மீ. சி-பேண்டில் 25.6. ஒரு பறவைக்கு 11 சதுர செ.மீ. என்ற வழக்கமான மதிப்பை வைத்துப் பாருங்கள். 20 டிபிஇசட் என்பது எஸ்-பேண்டில் கன கி.மீ.க்குச் சுமார் 200 பறவைகள். அதே 20 டிபிஇசட் சி-பேண்டில் சுமார் 3,300. அமெரிக்க எஸ்-பேண்ட் படத்தையும் ஐரோப்பிய சி-பேண்ட் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறத்தைப் பார்த்து ஒப்பிடும் விண்ணப்பங்கள் இன்னும் வருகின்றன. பிழை 16 மடங்குக்கும் மேல்.

11 என்பதும் சராசரிதான். சிறு பாடும் பறவைகள் மிகுந்த வலசைக்கு அது பொருந்தும். வாத்துகளும் நாரைகளும் மிகுந்த இடத்தில் பொருந்தாது. மதிப்பைப் பாதியாக்கினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். ஒரே எண்ணைக் கொடுக்காமல் குறைந்த, கூடிய மதிப்புகள் இரண்டுக்கும் கணக்கிட்டு வீச்சாகக் கொடுங்கள்.

3. பறவை அல்லாததை எப்படி நீக்குவீர்கள்

விண்ணப்பத்தில் அதிக இடம் பெற வேண்டிய பகுதி இது. "இயந்திரக் கற்றல் மூலம் பிரிப்போம்" என்ற ஒற்றை வரி இதற்குப் போதாது. ஒவ்வொரு கலப்படத்துக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்.

மழை: கிடையாகவும் செங்குத்தாகவும் அதிரும் அலைகளை அனுப்பும் இருமுனை ரேடாரில் ஒட்டுறவுக் கெழு என்ற அளவு உண்டு. மழைத்துளிகள் ஒரே மாதிரி இருப்பதால் அது 0.95-க்கு மேலே நிற்கும். சிறகடிக்கும் பறவைக்கூட்டத்தில் கீழே இறங்கும். ஆனால் நெக்ஸ்ராட் முழுவதும் இருமுனைக்கு மாறி முடிந்தது 2013-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்துப் போக்கு பார்ப்பதாக இருந்தால் இந்த வடிகட்டி உதவாது. அங்கே 2019-இல் வெளியான மிஸ்ட்நெட் என்ற இயந்திரக் கற்றல் கருவி உதவும். பழைய பதிவுகளிலும் இருக்கும் அளவுகளை மட்டுமே வைத்து மழையைப் பிரிக்கும்படி பயிற்றுவிக்கப்பட்டது அது. பயிற்சி நெக்ஸ்ராட் படங்களில் நடந்தது என்பதால், வேறு நாட்டு சி-பேண்டில் பயன்படுத்தினால் தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்கும் நிதி கேட்க வேண்டும்.

பூச்சிகள்: பறவையின் தரை வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைத் திசையோடு சேர்த்துக் கழித்தால், அது தானாகப் பறக்கும் வேகம் கிடைக்கும். நொடிக்கு 5 மீட்டருக்குக் கீழே இருந்தால் பூச்சி என்று சந்தேகியுங்கள். காற்றுத் தரவுக்கு ஈரா-5 என்ற உலக வானிலைத் தரவுத்தொகுப்பு இலவசம். மணிக்கொரு மதிப்பு, 0.25 பாகைக் கட்டம். கூடவே, ஓர் அடுக்குக்குள் வேகம் எவ்வளவு சிதறுகிறது என்பதையும் பாருங்கள். பூச்சிகள் காற்றோடு ஒன்றாகப் போகும். பறவைகள் ஆளுக்கொரு வேகத்தில் போகும். இந்தச் சிதறலுக்கு எஸ்-பேண்டில் நொடிக்கு 1 மீட்டர், சி-பேண்டில் 2 மீட்டர் என்பது பயோராட்டின் வரம்பு.

வௌவால்கள்: டெக்சாஸில் இதை விடவே முடியாது. சான் அன்டோனியோ அருகே பிராக்கன் குகையிலிருந்து லட்சக்கணக்கான வௌவால்கள் மாலையில் கிளம்புவது ரேடாரில் விரியும் வளையமாகத் தெரியும். தெரிந்த குகைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு நீக்குங்கள். நீக்கிய பரப்பையும் எழுதுங்கள்.

வேக மடிப்பு: ரேடாரால் அளக்க முடிகிற வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு, அதைத் தாண்டினால் எண் மறுபக்கம் மடிந்துவிடும். ரேடார் வானத்தை வருடும் முறைகளில், தெளிந்த வானத்துக்கான 31-ஆம் எண் முறையில் இந்த உச்சம் நொடிக்கு 12 மீட்டரை ஒட்டியே நிற்கும். பின்காற்றோடு பறக்கும் பறவை எளிதில் 20-ஐத் தொடும். வடக்கே போகும் கூட்டம் தெற்கே போவதாகத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மடிப்பை விரித்துச் சரிசெய்யும் படியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

4. தரைச் சான்றுக்குத் தனித் திட்டம்

இனத்தைச் சொல்ல இரவு ஒலிப்பதிவுக் கருவிகள், பறவை பார்ப்பவர்கள் இணையத்தில் பதியும் ஈபேர்டு பட்டியல்கள், பறவைகளின் காலில் வளையமிடும் நிலையங்கள், பறவை மேல் பொருத்திய சிறு வானொலிக் கருவிகளைப் பின்தொடரும் மோட்டஸ் போன்ற வலையமைப்பு ஆகியவற்றில் ஒன்றையாவது இணையுங்கள். எல்லாவற்றையும் இணைத்தால் எதையும் முடிக்க மாட்டீர்கள் என்று மதிப்பீட்டாளர் நினைப்பார், அது சரியும்கூட.

ஒலிப்பதிவுக் கருவியை ரேடாரிலிருந்து 5 முதல் 35 கி.மீ. வளையத்துக்குள் வையுங்கள். கல்லூரி மொட்டைமாடி வசதியாக இருக்கிறதென்று 80 கி.மீ. தள்ளி வைத்தால் இரண்டு தரவும் ஒன்றையொன்று சோதிக்காது. இரண்டின் கடிகாரமும் யு.டி.சி.யில் ஓடட்டும்.

5. ஆட்களும் கடிதங்களும்

பறவையியலாளர்கள் மட்டும் சேர்ந்து எழுதினால் ரேடார் பக்கம் ஓட்டையாகத் தெரியும். வானிலையாளர்கள் மட்டும் எழுதினால் உயிரியல் கேள்வி மெலிந்துபோகும். ரேடார் வானிலை தெரிந்த ஒருவரை வெறும் ஆலோசகராக இல்லாமல், பணி நேரம் ஒதுக்கிய கூட்டாளியாகச் சேருங்கள்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப்., புகழ்ந்து எழுதிய ஆதரவுக் கடிதங்களை ஏற்பதில்லை. விண்ணப்பம் தேர்வானால் அதில் சொன்னபடி ஒத்துழைப்பேன் என்று சொல்லும் ஓரிரு வரிக் கடிதமே போதும். பெரிய பேராசிரியரிடம் இரண்டு பக்கப் பாராட்டு வாங்கி இணைத்ததால் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

6. எந்தக் கதவைத் தட்டுவது

முதுநிலை, முனைவர் மாணவர்கள் சிறிய நிதியில் தொடங்குவதே நல்லது. அமெரிக்கப் பறவையியல் சங்கம், வில்சன் பறவையியல் சங்கம், சிக்மா சை என்ற அறிவியல் ஆய்வாளர் சங்கம் ஆகியவை மாணவர்களுக்குச் சிறு நிதி தருகின்றன. உறுப்பினராக இருக்க வேண்டுமா என்று முதலில் பாருங்கள். கடைசி நாளில் உறுப்பினர் எண் வராமல் தவித்து நிற்க வேண்டாம். இந்தத் தொகை ஒலிப்பதிவுக் கருவிக்கும் பயணத்துக்கும் சரியாக இருக்கும், சம்பளத்துக்கு வராது.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விசாவில் வந்து படிப்பவர்கள் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்.எஸ்.எஃப். தரும் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும். ஆனால் வழக்கமான ஆய்வு நிதி பல்கலைக்கழகத்துக்குத்தான் வழங்கப்படுகிறது. அதில் சம்பளம் பெறும் மாணவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். குடியுரிமை இல்லையே என்று ஒதுங்கிவிட வேண்டாம், வழிகாட்டியின் பெயரில் போகும் விண்ணப்பத்தில் உங்கள் பகுதியை எழுதுங்கள்.

பெரிய நிதிக்கு எழுதும் முன் நிதி அமைப்பின் திட்ட அலுவலருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்புங்கள். கேள்வி உயிரியல் பிரிவுக்கா, வளிமண்டலப் பிரிவுக்கா என்று அவர் சொல்லிவிடுவார். தவறான பிரிவில் போன நல்ல விண்ணப்பம், அதைப் படிக்கத் தெரியாதவர்களின் மேசையில் போய்ச் சேரும்.

கணிப்பொறி நேரத்துக்குத் தனி வழி இருக்கிறது. ஆக்சஸ் என்ற திட்டம் அமெரிக்க ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கணிப்பு நேரம் தருகிறது. அதன் ஆரம்ப நிலைக்குச் சுருக்கமான விளக்கமே போதும். நிதி விண்ணப்பத்துக்கு முன்பே இதைப் பெற்று, "ஏற்கெனவே கையில் உள்ளது" என்று எழுதுங்கள்.

7. பட்ஜெட்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ரேடார் ஆய்வில் அளக்கத் தவறுவது பெரும்பாலும் ஆள் நேரத்தை.

சேமிப்பைக் கணக்கிட மேலே சொன்ன எண்ணே போதும்: ஒரு நிலையம், ஒரு வசந்தம் 18 ஜி.பி. என்றால் 10 நிலையம், 10 ஆண்டுக்கு 1.8 டி.பி. இதற்குப் பெரிய சர்வர் கேட்டால் மதிப்பீட்டாளர் புருவம் உயர்த்துவார். தரவு கிடக்கும் மேகத்திலேயே கணக்கை ஓட்டி, சில எம்.பி. முடிவுகளை மட்டும் இறக்கிக்கொண்டால் செலவு இன்னும் குறையும்.

கண்ணால் சரிபார்க்கும் நேரத்தைத் தனி வரியாகப் போடுங்கள். ஒரு நிலையத்துக்கு 10 ஆண்டில் சேரும் 18,400 இரவு–கோப்புகளில் 5 சதவீதத்தை ஒருவர் திறந்து பார்த்து மழை, பறவை, பூச்சி என்று குறித்தால் 920 கோப்புகள். ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 46 மணி நேரம். இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும் என்பதால் 92 மணி நேரம். இந்தக் கணக்கை அப்படியே எழுதினால், சரிபார்ப்பை நீங்கள் உண்மையாகவே செய்யப்போகிறீர்கள் என்று நம்புவார்கள். உங்கள் அளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் தன் நிர்வாகத்துக்காகச் சேர்க்கும் மறைமுகச் செலவை அதன் நிதி அலுவலகத்திடம் விடுங்கள், ஆனால் எதன் மேல் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். மாணவர் கல்விக் கட்டணமும் பெரிய கருவிகளும் வழக்கமாக அந்த அடிப்படையில் சேராது. சேர்த்துவிட்டால் மொத்தம் ஊதிப்போய், களப்பணியை வெட்ட வேண்டிவரும்.

தொடக்கத் தேதியையும் பறவைகளே முடிவு செய்யும். என்.எஸ்.எஃப். பதில் சொல்லச் சுமார் 6 மாதம் ஆகும். வசந்தக் களப்பணிக்கு மார்ச்சில் கருவிகள் ஓட வேண்டும், அதற்கு ஜனவரிக்குள் பணம் வந்திருக்க வேண்டும். மே மாதம் தொடங்கும் திட்டம் ஒரு பருவத்தை முழுதாக இழந்துவிடும்.

8. எழுதும் வரிசை

முதலில் படம். முன்னோட்டக் கணக்கின் ஒரே ஓர் இரவை எடுங்கள்: கிடை அச்சில் சூரிய மறைவு முதல் உதயம் வரை, செங்குத்து அச்சில் உயரம், நிறத்தில் அடர்த்தி. மறைந்து அரை மணி, முக்கால் மணி கழித்து அடர்த்தி திடீரென மேலே கிளம்பும் இடத்தில் ஓர் அம்புக்குறி போடுங்கள். ரேடார் தெரியாத மதிப்பீட்டாளருக்கும் பறவைகள் கிளம்புவது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து முறைகள், பிறகு கேள்வி, கடைசியில் முன்னுரை. முன்னுரையில் தொடங்கினால் என்.எஸ்.எஃப். தரும் 15 பக்க வரம்பில் 6 பக்கம் அதற்கே போய், கலப்படம் நீக்கும் பகுதி அரைப் பக்கமாகச் சுருங்கும்.

என்.எஸ்.எஃப். ஒரு பக்கச் சுருக்கத்தில் மேலோட்டம், அறிவுசார் தகுதி, பரந்த தாக்கம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். திட்ட விளக்கத்திலும் பரந்த தாக்கத்துக்குத் தனித் தலைப்பு கட்டாயம். தலைப்பு விடுபட்டாலே படிக்காமல் திருப்பி அனுப்பலாம். அந்தப் பகுதியில் "மக்களுக்கு விழிப்புணர்வு" என்று பொதுவாக எழுத வேண்டாம். வலசை உச்சத்தைத் தொடும் இரவுகளை முன்கூட்டியே சொல்லி, எந்த நகரின் எந்தக் கட்டடங்களில் விளக்கணைக்கச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள். கால்வெஸ்டனில் 2017 மே மாதத்தில் ஒரே இரவில் ஓர் உயரக் கட்டடத்தில் மோதி 390-க்கும் மேற்பட்ட பறவைகள் இறந்தன. அத்தகைய இரவைத் தடுப்பதுதான் இந்த ஆய்வின் பயன் என்று சொல்ல யாரும் தயங்க வேண்டாம்.

9. மறுத்துவிட்டால்

ஒரு வாரம் தள்ளி வைத்துவிட்டு மதிப்புரைகளைப் படியுங்கள். "பறவைதான் என்று எப்படித் தெரியும்?" என்ற கேள்வி எந்த வடிவில் வந்திருந்தாலும் 3-ஆம் பகுதியைத் திருத்தி எழுத வேண்டும். "ஏன் ரேடார்?" என்று வந்திருந்தால் கேள்வியையே மாற்ற வேண்டும், சொற்களை மெருகேற்றிப் பயனில்லை.

10. தமிழ்நாட்டிலிருந்து முயல்பவர்களுக்கு

இங்கே வரிசை மாறுகிறது: தரவுக்கான அனுமதிதான் முதல் படி. ரேடார்கள் இந்திய வானிலை ஆய்வுத் துறையிடம் உள்ளன, பதிவுகள் நெக்ஸ்ராட் போல் திறந்து கிடப்பதில்லை. அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் போன்ற எந்த நிதி அமைப்புக்கும் அனுப்ப வேண்டாம்.

கேட்க வேண்டியவை: படங்கள் மட்டும் உள்ளனவா, மூலக் கோப்புகள் உள்ளனவா? இரவுப் பதிவு எத்தனை ஆண்டுக்கு இருக்கிறது? மிகத் தாழ்ந்த சாய்வு எத்தனை பாகை? மழையல்லாத எதிரொலியை நீக்கிவிட்டுத்தான் சேமிக்கிறார்களா? கடைசிக் கேள்வி உயிர்நாடி. முன்னறிவிப்பாளருக்குப் பறவை வெறும் குப்பை. துடைத்துச் சேமித்த கோப்பில் நீங்கள் தேடுவது எதுவும் மிஞ்சியிருக்காது.

காரைக்கால் ரேடாரைச் சொன்னதுமே எல்லாருக்கும் கோடியக்கரை நினைவுக்கு வரும். இரண்டுக்கும் இடையே சுமார் 70 கி.மீ. 0.5 பாகைக் கற்றையின் மையம் அங்கே 900 மீட்டர் உயரத்தில் போகும். 1 பாகை அகலம் என்று வைத்தால் அடிவிளிம்பே 300 மீட்டருக்கு அருகில். சேற்றிலிருந்து உப்பளத்துக்குத் தாவும் உள்ளான்கள் அதில் படாது. வலசைக்காக உயரம் ஏறியவை மட்டுமே படும். எனவே "கோடியக்கரையில் எத்தனை பறவைகள்" என்று கேட்க வேண்டாம், "காரைக்கால் கரையைச் சுற்றி 35 கி.மீ.க்குள் இரவில் கடப்பவை எவ்வளவு, எந்தத் திசையில்" என்று கேளுங்கள். இனங்களுக்கு, கோடியக்கரையில் நெடுங்காலமாக வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பதிவுகள் துணையாக இருக்கும்.

பருவத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பறவைகள் வந்துசேரும் காலம் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. அக்டோபர், நவம்பர் இரவுகளில் பாதி மழையிலேயே போய்விடும். திரும்பிப் போகும் மார்ச், ஏப்ரலில் வானம் தெளிவு. முதல் வேண்டுகோளில் 10 ஆண்டுத் தரவு கேட்காதீர்கள்; மார்ச் கடைசியில் மழையில்லாத 7 இரவுகளின் மூலக் கோப்புகளை மட்டும் கேளுங்கள்.